வலது காலின் மைலேஜ்

காலை உடற்பயிற்சியின் நடுவில் ஒரு குதிப்பு வரும். ஒலிபெருக்கியில் பியானோ வேகமெடுக்கும். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் வரிசையாக நிற்கும் அத்தனை பேரும், ஓய்வுபெறப் போகிற ஓகுபோ உட்பட, கையை விரித்துக் குதிப்பார்கள். அன்று ரிஹோ குதித்து இறங்கிய இடத்தில் மழைநீர்க் கால்வாயின் இரும்பு மூடி ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. கணுக்கால் மடங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பியானோ நிற்கவில்லை. பக்கத்து வரிசைக்காரர்கள் அவளைப் பார்த்துக்கொண்டே கையைச் சுழற்றினார்கள், பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்து விட்டார்கள். பாட்டு முடியுமுன் வரிசையைக் கலைக்கிற பழக்கம் அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் கிடையாது. கடைசி சுரம் அடங்கியதும்தான் பிரிவுத் தலைவர் சுகிமோரி ஓடிவந்து அவள் எதிரே மண்டியிட்டார்.

"எந்தக் கால்?" என்றார்.

"வலது."

அவர் முகம் வெளுத்ததை ரிஹோ பார்த்தாள். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அதைக் கேட்டது மருத்துவமனைக்குப் போகிற வழியில்தான், அதுவும் இப்படி: "அழுத்துறப்ப வலிக்குதா, தூக்குறப்ப வலிக்குதா?"

ரிஹோவின் வேலையைச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். நகராத காரை ஓட்டுவது. கான்கிரீட் அறையின் தரையில் ரோலர் உருளைகள் பதித்திருக்கும். சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, காரைச் சங்கிலியால் கட்டி, முன்னால் ஆளுயரக் காற்றாடியைச் சுழலவிடுவார்கள். கண்ணெதிரே திரையில் ஒரு கோடு ஊர்ந்து வரும். இப்போது நாற்பது, இப்போது அறுபது, இப்போது நில் என்று கோடு சொல்கிறபடி அரைமணி நேரம் ஓட்ட வேண்டும். கோட்டைவிட்டு இம்மி விலகலாம், அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஓடி முடித்ததும் புகையை அளந்து, லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எண் வரும். விளம்பர அட்டையில் பெரிய எழுத்தில் அச்சாவது அந்த எண்தான்.

இந்த வேலைக்காக அவள் படிக்கவில்லை. பேட்டரியிலும் பெட்ரோலிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் வண்டியில் இன்ஜின் எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று முடிவு செய்கிற நிரல் ஒன்று இருக்கிறது; அதை எழுதத்தான் வந்தாள். பயிற்சிக் காலத்தில் புதியவர்கள் எல்லாரையும் ஒரு வாரம் ரோலர் அறையில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் ஓட்டினால் எண் ஏறி இறங்கியது. ரிஹோ ஓட்டினால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே எண். செருப்பைக் கழற்றிவிட்டு, மெல்லிய காலுறையோடு, தூங்குகிற பூனையின் முதுகில் கை வைக்கிற மாதிரி ஆக்ஸிலேட்டரில் கால் வைப்பாள். "அடடா, இது காலே இல்ல, கருவி," என்றார் சுகிமோரி. பாராட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அந்த வாரம் முடியவே இல்லை. அவளோடு சேர்ந்த மொகாமி நிரல் எழுதப் போனான். அவள் இருக்கையிலேயே இருந்தாள். மாற்றம் கேட்கும்போதெல்லாம், "இந்த வண்டி முடியட்டும், குராமோச்சி," என்பார் சுகிமோரி, அவள் குடும்பப் பெயரைச் சொல்லி. ஒரு வண்டி முடிந்தால் அடுத்த வண்டி இருக்கும். அது கார்க் கம்பெனி.

அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அம்மா மலையூரில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில் படுக்கை விரிக்கிறாள், குளியலறை தேய்க்கிறாள். மகள் என்ஜினியர் என்று விடுதிக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். கம்பெனிக்கு வேண்டியது தன் தலை அல்ல, முழங்காலுக்குக் கீழே இருக்கிற பாகம்தான் என்று ரிஹோ அம்மாவிடம் சொன்னதில்லை. தனக்குத்தானே மட்டும் தினமும் சொல்லிக்கொண்டாள்.

இப்போது கையில் இருப்பது முழுதாக மாற்றி வடிவமைத்த புது வண்டி. பழைய வண்டி லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர். புதுசு முப்பத்துமூன்று கொடுக்கும் என்று கம்பெனியின் தலைவர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் சொல்லியாகிவிட்டது. பேட்டரி மாறியது, முகப்பு தாழ்ந்தது, இன்ஜினுக்குள் உராய்வைக் குறைத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் நூலிழைதான் ஏறும். அந்த நூலிழை தெரிய வேண்டுமானால் ஓட்டுகிற ஆள் ஆடக் கூடாது. அதனால் முதல் மாதிரி வண்டி வந்த நாளிலிருந்து மைலேஜ் ஓட்டம் எல்லாம் ரிஹோ மட்டும்தான். சாலையில் ஓட்டிப் பார்த்தவர்கள் சத்தத்தையும் குலுக்கலையும் கவனித்தார்கள். மைலேஜ் ரோலர் அறையின் சொத்து, அதை அவர்கள் கேட்க மாட்டார்கள். 'சிதறலைக் குறை' என்று ஒவ்வொரு அறைச் சுவரிலும் எழுதிவைத்திருக்கிற கம்பெனி அது. குறைத்தார்கள். ஒரே ஆள், ஒரே கால். வண்டி முப்பத்துமூன்றைத் தாண்டியது. அரசாங்கச் சோதனை அடுத்த மாதம்.

தசைநார் கிழிந்திருக்கிறது, மூன்று வாரம் காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். சுகிமோரி விரலை மடித்துக் கணக்குப் போட்டார். முகம் தெளிந்தது.

"சோதனைக்குள்ள சரியாயிடும். அதுவரைக்கும் ஓகுபோ-சான் ஓட்டட்டும். சும்மா ஒப்புக்கு."

ஓகுபோ முப்பது வருடமாக ரோலரில் ஓட்டுகிற மனிதர். அவர் ஓட்டி முடித்து இறங்கியபோது திரையில் முப்பது புள்ளி எட்டு என்று இருந்தது. கட்டுப்பாட்டு அறைக்கும் ரோலர் அறைக்கும் நடுவே இருந்த கண்ணாடி வழியே எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஓகுபோ-சான், நேத்து ராத்திரி எவ்வளவு ஏத்துனீங்க?" என்றார் சுகிமோரி.

"ரெண்டு கிளாஸ். வாய்க்குத்தான் ஊத்துனேன், காலுக்கு ஊத்தல."

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் பக்கத்து ரோலரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து ஓட்டச் சொன்னார்கள். முப்பது புள்ளி ஐந்து. சிரிப்பு நின்றது. டயர் காற்றைப் பார்த்தார்கள், எண்ணெயை மாற்றினார்கள், அறையின் வெப்பத்தை மூன்று கருவி வைத்து அளந்தார்கள். இன்னொரு மாதிரி வண்டியைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். கடைசியில் மொகாமியே ஏறி ஓட்டினான். முப்பது புள்ளி ஒன்று.

"நீ எழுதுன நிரலை நீயே ஓட்டி இந்த லட்சணமா?" என்றார் ஓகுபோ.

"சமையல்காரன் சாப்பிட்டா ருசி தெரியாது, ஓகுபோ-சான்," என்றான் மொகாமி. ஆனால் அவன் காது மடல் சிவந்திருந்தது.

ரிஹோ ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. செய்ய வேலை இல்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. வண்டியில் தவறு தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு வண்டியைத்தான் தெரியும். அவளுக்கு அந்த மிதி தெரியும். நான்கு பேரின் ஓட்டங்களையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டாள். வேகக் கோடுகள் நான்கும் ஒன்றாகவே ஓடின, எல்லாம் சட்டத்துக்குள்தான். கீழே மிதியின் கோடு. அவளுடையது காற்றில்லாத குளம். மற்ற மூன்றும் ரம்பப் பல். மனிதர்கள் அப்படித்தான் மிதிப்பார்கள். கொஞ்சம் கூடிவிடும், உடனே எடுப்பார்கள், குறைந்துவிடும், மறுபடி மிதிப்பார்கள். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் இன்ஜின் விழித்திருந்தது. விழித்த இன்ஜின் உடனே தூங்காது. சூடேறி, சற்று ஓடி, பெட்ரோலைக் குடித்துவிட்டுத்தான் அணையும். அதற்குள் அடுத்த பல் வந்துவிடும்.

விழிப்பதற்கான எல்லைக்கோட்டையும் வரவழைத்துப் பார்த்தாள். அது அவள் மிதியின் உச்சிக்கு மயிரிழை மேலே, விளிம்போடு விளிம்பாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக அவள் ஓட்ட ஓட்ட, மொகாமி அந்தக் கோட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நல்ல எண் வந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறான். அவன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தான். எல்லாரும் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

மொகாமியைப் பானம் விற்கிற இயந்திரத்தின் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள். சூடான காபி டப்பாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"என் காலுக்கு அளவெடுத்துத் தச்சிருக்கே நீ. வேற யாரு போட்டாலும் கிழியும்," என்றாள்.

"கோட்டை மேல தூக்கிட்டா?"

"தூக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடும். எவ்வளவு வரும்னு நீயே சொல்லு."

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். "முப்பத்தொண்ணரை. அதுக்கும் பேட்டரியைத் திரும்பச் சரிபண்ணணும். ஆறு மாசம் ஆகும்." டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "ரிஹோ, மூணு வாரத்துல உன் கால் சரியாயிடும்."

"அதனால?"

"அதனால ஒண்ணும் இல்ல. சொன்னேன்."

சுகிமோரியும் அதையேதான் சொன்னார், இன்னும் அன்பாக. அவளை உட்காரவைத்து, திரையில் காட்டியதை முழுக்கப் பார்த்தார். புரியாத ஆள் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சோதனையில யாரு ஓட்டணும்னு சட்டம் சொல்லல. நம்ம ஆள் ஓட்டலாம். நீ ஓட்டுனா முப்பத்துமூணு. பொய் இல்லியே."

"தலைவரே, வாங்குறவங்க யாரும் நான் இல்லையே."

"கேளு. ஏப்ரல்ல உன்னை நிரல் பிரிவுக்கு அனுப்பறேன்னு அவங்ககிட்ட பேசி முடிச்சிட்டேன். இந்தச் சோதனையை முடிச்சுக் குடுத்துட்டுப் போ. எனக்கும் மரியாதை, உனக்கும் மரியாதை. சோதனை தள்ளிப்போச்சுன்னா ஏப்ரல் மாற்றம் எல்லாம் அப்படியே நின்னுடும், தெரியும்ல? ஓட்டறதுக்கு ஆள் வேணும்பாங்க. அப்புறம் நான் கூட ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் மிரட்டவில்லை. உண்மையைச் சொன்னார். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மிரட்டியிருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். விரும்பிய நாற்காலி கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு, கால் ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அவள் வாங்கிவந்த பட்டத்துக்கு அவள் செய்ய வேண்டிய ஒரே காரியம் அதுதான்.

அன்று மாலை அம்மா போன் செய்தாள். கால் எப்படி, வீக்கம் வடிந்ததா, ஐஸ் வைத்தாயா என்று கேட்டுவிட்டு, பனி கொட்டுவதைச் சொன்னாள்.

"புது வண்டி எப்ப வருதுன்னு விடுதி முதலாளியம்மா கேக்குறாங்க. முப்பத்துமூணு குடுக்குமாமே. டிவியில சொன்னாங்களாம்."

"அவசரப்பட வேணாம்னு சொல்லு."

"ஏன்? எனக்கும் அந்தப் பழையதுல இருபத்தொண்ணுதான் வருது. அட்டையில முப்பது போட்டிருக்கு. எனக்குத்தான் ஓட்டத் தெரியல போல."

"அம்மா..."

"நீ சொன்ன மாதிரியே மெதுவாத்தான் மிதிக்கிறேன். பின்னால வர்ற மரலாரிக்காரன் விளக்கை அடிச்சு அடிச்சுக் காட்டுறான். ஓரங்கட்டி அவனை விட்டுட்டுப் போறேன். ஹீட்டர் போட்டா இன்னும் குறையும்னு அதையும் நிறுத்திட்டேன். மடியில கம்பளி போட்டுக்கிட்டு ஓட்டுறேன். எம்பொண்ணு கம்பெனி வண்டியை எனக்கே ஓட்ட வரலைன்னா வெளிய சொல்ல வெக்கமா இருக்காதா?"

"ஹீட்டரைப் போடும்மா!" என்று ரிஹோ கத்தினாள். "உன் கால்ல தப்பே இல்ல. கேக்குதா? ஹீட்டரைப் போட்டுட்டு ஓட்டு."

"சரி, சரி. ஏன் கத்துற? கால் வலியா?"

"ஆமா," என்றாள் ரிஹோ. "கால் வலி."

அந்த வார இறுதியில் வண்டியின் தலைமைப் பொறியாளர் இசொகாய் முன்னால் ஆய்வுக் கூட்டம். அங்கே கூட்டம் என்பது பேசுவதற்கான இடம் இல்லை. பேச வேண்டியதை எல்லாம் முதல் நாளே மேசை மேசையாகப் போய்ப் பேசி, தலையசைப்பு வாங்கிவிடுவார்கள். கூட்டத்தில் தலையசைத்தவர்கள் மறுபடி ஒருமுறை தலையசைப்பார்கள். சுகிமோரி இரண்டு நாளாக நடந்து நடந்து எல்லாரையும் பார்த்து முடித்திருந்தார். 'அளவீட்டு ஓட்டுநருக்குக் காயம். குணமானதும் எண் உறுதி செய்யப்படும்.' அவ்வளவுதான் வாசகம். உள்ளே போகுமுன் ரிஹோவிடம், "புதுசா எதுவும் வேணாம், குராமோச்சி," என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு, ஊன்றுகோலை வைக்க அவரே இன்னொரு நாற்காலியை இழுத்துக் கொடுத்தார்.

வாசகம் படிக்கப்பட்டது. இசொகாய், நரைத்த தலையை ஒட்ட வெட்டிய மனிதர், கையிலிருந்த தாளைப் புரட்டாமலே, "அப்ப சரி," என்றார். அடுத்த பக்கத்துக்கு எல்லாரும் தாளைத் திருப்பினார்கள். ஒரே சத்தமாகத் திருப்பினார்கள்.

"சரி இல்ல," என்றாள் ரிஹோ.

தன் குரல் இத்தனை உரக்க வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. இசொகாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தேடினார். "நீங்க?"

"குராமோச்சி. ரோலர் அறை."

"ஓ, அந்தக் கால் நீங்கதானா?" என்றார். உண்மையிலேயே மகிழ்ச்சியாகச் சொன்னார். இரண்டு வருடமாக அவள் கால் கொண்டுவந்த எண்களைப் பார்த்திருக்கிறார், ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார். யாரோ சிரித்தார்கள்.

"ஆமா. அந்தக் கால் நான்தான். முப்பத்துமூணு இந்தக் காலுக்கு வருது, வண்டிக்கு வரல. வேற யாரு ஓட்டுனாலும் முப்பதரையைச் சுத்தித்தான் நிக்குது. பழைய வண்டியும் முப்பதுதான்."

"சோதனை விதிக்குப் புறம்பா ஏதாவது செஞ்சிருக்கோமா?"

"இல்ல."

"அப்ப?"

"விக்கிறப்ப வண்டியோட என் காலையும் சேத்துக் குடுப்பீங்களா?"

மொகாமி மேசையில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே எதுவும் இல்லை. சுகிமோரி எழுந்தார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டவைத்து, நெற்றி மேசையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். "என் மேற்பார்வைக் குறை. மிகவும் மன்னிக்க வேண்டும்." அறை மூச்சு விட்டது. மன்னிப்பு வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். மேற்கொண்டு கேட்பது குனிந்தவரை அவமதிப்பது. இனி எல்லாரும் சுகிமோரிக்காக வருத்தப்படலாம், அவளைக் குறைசொல்லலாம், முப்பத்துமூன்று அப்படியே இருக்கலாம். குனிந்த முதுகைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்த இரக்கத்தை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மன்னிப்பு நான் கேக்கல," என்றாள். "நீங்க யாராவது ஒருத்தர் ஓட்டிப் பாருங்க. அவ்வளவுதான்."

இசொகாய் குனிந்திருந்த சுகிமோரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"ரோலர் இப்ப காலியா?"

தொழிற்சாலையின் பாதி நீளத்தை ஒரு பெருங்கூட்டம் நடந்து கடந்தது. ஊன்றுகோலோடு ரிஹோ கடைசியில் வந்தாள். அவள் வருவதற்குள் இசொகாய் மேல்சட்டையைக் கழற்றி மொகாமி கையில் கொடுத்துவிட்டிருந்தார். இளவயதில் அவரும் இந்த அறையில் ஓட்டியவர்தான் என்று ஓகுபோ கிசுகிசுத்தார். நல்ல கால், ஆனால் அவசரக் கால். காற்றாடி சுழன்றது. கோடு ஊர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பிரிவுத் தலைவர்களும் உதவித் தலைவர்களும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒட்டி நின்று பார்த்தார்கள். இன்ஜின் விழிக்கும்போது எரிகிற சின்ன விளக்கு ஒன்று திரையின் ஓரத்தில் உண்டு. அது எரிந்தது, அணைந்தது, எரிந்தது. கொஞ்ச நேரத்தில் யாரும் வேகத்தைப் பார்க்கவில்லை, அந்த விளக்கையே பார்த்தார்கள்.

முப்பது புள்ளி நான்கு.

மொகாமி எண்ணை ஒலிவாங்கியில் படித்தான். உள்ளே இசொகாய் இறங்கவில்லை. உருளைகள் வேகம் குறைந்து நின்றன. அவர் குனிந்து காலுறையைக் கழற்றுவது கண்ணாடி வழியே தெரிந்தது. பிறகு அவர் குரல் வந்தது.

"குராமோச்சி-சானை உள்ள அனுப்புங்க. பக்கத்துல உக்காரட்டும்."

"ஆள் எடை கூடிடும், இசொகாய்-சான்," என்றான் மொகாமி. "எண் செல்லாது."

"செல்ல வேணாம்."

கதவைத் திறந்து உள்ளே போவதற்குள் அவள் வியர்த்துவிட்டாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஊன்றுகோலை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டாள். இந்த வண்டியில் இந்தப் பக்கத்தில் அவள் உட்கார்ந்ததில்லை. இசொகாயின் வெறுங்கால் மிதியின்மேல் இருந்தது. வயதான கால், கட்டைவிரல் நகம் தடித்து மஞ்சளாக இருந்தது.

"நான் எங்க தப்பு பண்றேன்? சொல்லுங்க," என்றார். ஆணையிடவில்லை. கற்றுக்கொள்ள வந்த ஆள் மாதிரிதான் கேட்டார். கற்றுக்கொண்டுவிட்டால் தீர்ந்தது என்று நம்புகிற குரல்.

"நீங்க தப்பே பண்ணல," என்றாள் ரிஹோ. "இப்படித்தான் எல்லாரும் ஓட்டுவாங்க."

ஏப்ரலைப் பற்றி அவள் நினைத்தாள், நினைத்துவிட்டு விட்டுவிட்டாள். திரையில் கோடு மறுபடியும் இடது ஓரத்திலிருந்து புறப்பட்டது. அவர் கால் விரல்களை மட்டும் மெல்ல இறக்கினார், மிகவும் மெல்ல, மூச்சைப் பிடித்துக்கொண்டு. மிதியே இல்லாத இடத்தில் அவளுடைய கட்டுப்போட்ட காலும் தானாகத் தரைவிரிப்பை அழுத்தியது. வலி முழங்கால்வரை ஏறியது. வண்டிக்கு அடியில் ஒரு சின்ன நடுக்கம். இன்ஜின் விழித்துக்கொண்டது. இசொகாய் காலை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. தலையைச் சற்றுச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே பெரிய காற்றாடி முழு வேகத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. வண்டியின் முன்கண்ணாடியில் மோதிய காற்று இரண்டு பக்கமும் பிரிந்து போனது. வண்டி இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.